கிராவல் எடுத்த பிறகு அந்த நிலம் எப்படி இருக்க வேண்டும்?

புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் செம்புறாங்கல் மேடுகளை ஒட்டி எந்தச் சாலையில் போனாலும், பசுமைக்கு நடுவே சிவப்பாக வெட்டுப்பட்டுக் கிடக்கும் கிராவல் குழி, அதாவது சாலை வேலைக்குச் சிவந்த சரளை மண் எடுத்த குழி, ஒன்றாவது கண்ணில் படும். பட்டா நிலத்தில் உள்ள குழிகளைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம். இங்கே நான் பேச விரும்புவது புறம்போக்கில் தோண்டப்படும் குழிகளைப் பற்றி. மேய்க்கால், தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து என்று கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் எழுதப்பட்டு, தனி ஒருவர் பெயரில் இல்லாததால் ஊர் முழுவதற்கும் பொதுவாக இருக்கும் நிலங்கள் அவை.

சாலைப் பணிகளை மேற்பார்வை பார்ப்பதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆகவே கிராவலே எடுக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. ஊருக்குச் சாலை வேண்டும், சாலையை உயர்த்தித் தாங்க மண்கரை வேண்டும், கரைக்கு மண் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். எத்தனை கன மீட்டர் எடுக்கலாம் என்று முடிவு செய்யும் அதே நாளில், எடுத்து முடித்த பிறகு அந்த நிலம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதையும் வரைந்து கையெழுத்திட வேண்டும். பொக்லைன் முதல் வாளி மண்ணை அள்ளுவதற்கு முன் செய்தால் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. குழி வெட்டி முடித்து, வண்டிகள் போன பிறகு செய்ய நினைத்தால் செய்வதற்கு ஆளும் இருக்க மாட்டார், பணமும் இருக்காது.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். மேலே 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், இரு பக்கமும் ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் என்ற சரிவு கொண்ட ஒரு சாலைக் கரையைக் கணக்கிட்டால், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 28,000 கன மீட்டர் மண் வேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 2 மீட்டர் ஆழம் தோண்டினால் கிடைப்பது 20,000 கன மீட்டர். அதாவது கரை எழும்பும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எங்கோ ஒரு மேடு ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் பரப்புக்குத் தாழ்ந்து போகிறது. நூறு கன அடியை ஒரு யூனிட் என்று கணக்கு வைத்து, ஆறு யூனிட் ஏற்றும் டிப்பரில் அந்த ஒரு ஹெக்டேர் மண்ணை ஏற்றினால் சுமார் 1,180 நடை ஆகும். போவதும் வருவதுமாக அதைப் போல இரண்டு மடங்கு தடவை ஊர்ச்சாலையில் வண்டி ஓடும். தார்ப்பாய் மூடுவது, தடத்தில் தண்ணீர் தெளிப்பது, பள்ளி விடும் நேரத்தில் வண்டியை நிறுத்தி வைப்பது ஆகியவை அனுமதி ஆணைகளில் பொதுவாக இருப்பவைதான். அவற்றை விரித்து எழுதத் தேவையில்லை, நடைமுறைப்படுத்தினால் போதும்.

விரித்து எழுத வேண்டியது மேட்டைப் பற்றி. எங்கள் ஊருக்குக் கிழக்கே பல ஆண்டுகளுக்கு முன் தோண்டி, அப்படியே விட்டுப்போன குழி ஒன்று இருக்கிறது. அதன் சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், மேலே ஒரு சாண் அளவுக்குச் சற்றே கறுத்த மண்ணும், அதில் பின்னிக் கிடக்கும் ஆவாரை வேர்களும் தெரியும். அதற்குக் கீழே பட்டாணி அளவிலிருந்து கோலிக்குண்டு அளவு வரை இரும்பேறிய சரளை, சிவந்த களியால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். விரலால் நெருடினால் பொலபொலவென்று உதிரும். அதற்கும் கீழே சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த இறுகிய களி. ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது நடுவில் உள்ள சரளை மட்டுமே. மேட்டுக்கும் அதன் கீழே இருக்கும் கண்மாய்க்கும் வேண்டியதோ மூன்று அடுக்குகளும், அவை இருக்கும் அதே வரிசையில்.

ஏனென்றால் மழைநீரை உள்வாங்குவது சரளை. அதைக் கீழே போகவிடாமல் தாங்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது களி. மழை நின்ற பிறகும் மேட்டின் அடிவாரத்தில் சில வாரங்கள் கசிந்து, வரத்து வாய்க்காலை ஈரமாக வைத்திருப்பது இப்படி வரும் நீர்தான். சரளையை முழுவதும் வழித்தெடுத்துவிட்டால் களித்தரை வெளியே வந்துவிடுகிறது. குழி தாழ்வான இடத்தில் இருந்தால் மழைநீர் அதிலேயே தேங்கி, கண்மாய்க்குப் போக வேண்டியது போகாமல் நின்றுவிடும். சரிவில் இருந்தால் நீர் உடனே ஓடி, சிவப்பு மண்ணையும் இழுத்துக்கொண்டு போய்க் கண்மாயின் கொள்ளளவைக் குறைத்துவிடும். தேங்கிய குழியில் இறங்கும் பிள்ளைகளுக்கு நடுவில் எவ்வளவு ஆழம் என்பது கலங்கிய நீரில் தெரியாது. ஏறி வரச் சரிவும் இருக்காது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கைவிட்ட குழிகளில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். அந்தச் சாவுகளுக்கு விதியைக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. செங்குத்தாக விட்டுப்போன சுவரே காரணம்.

அந்தச் சுவரைச் சரிவாக மாற்ற எவ்வளவு வேலை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குழி. அதன் நான்கு பக்கச் சுவரும் சேர்ந்து 400 மீட்டர் நீளம். ஒன்றுக்கு மூன்று என்ற சரிவில், அதாவது ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் நடக்க வேண்டிய அளவில், ஒரு மாடும் ஒரு குழந்தையும் தாமாக ஏறி வந்துவிடலாம். சுவரின் மேல்பாதியை வெளிப்பக்கமாக மூன்று மீட்டர் சீவி, அந்த மண்ணையே கீழ்ப்பாதியில் மூன்று மீட்டருக்குச் சாய்த்துக் கொட்டினால் அந்தச் சரிவு கிடைத்துவிடும். மீட்டருக்கு ஒன்றரை கன மீட்டர். மொத்தம் 600 கன மீட்டர். அந்தக் குழியிலிருந்து வெளியே போன மண்ணில் இது வெறும் 3 விழுக்காடு. வண்டியில் ஏற்றவும் வேண்டாம், வெளியே கொண்டு போகவும் வேண்டாம். அங்கே ஏற்கெனவே நிற்கும் இயந்திரம், கடைசி நடை போன பிறகு சில நாள்கள் கூடுதலாக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு எல்லையை ஒட்டி விடப்படும் பாதுகாப்பு இடைவெளிக்குள் மூன்று மீட்டர் கை வைக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. தமிழ்நாட்டில் குவாரிகளுக்கான சுரங்கத் திட்டங்கள் பக்கத்துப் பட்டா நிலத்துக்கு ஏழரை மீட்டரும் அரசுப் புறம்போக்குக்குப் பத்து மீட்டரும் விட்டுத்தான் வரையப்படுகின்றன. அந்த இடைவெளியைத் தொடக் கூடாது என்றால், சரிவு முழுவதையும் குழிக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது எடுக்கும் மண் 20,000 கன மீட்டரிலிருந்து ஏறத்தாழ 17,700 ஆகக் குறையும். பதினொன்றரை விழுக்காடு இழப்பைக் குவாரி ஏலத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் ஏலத்தொகை அதற்கேற்ப அமையும், ஒருவருக்கும் நட்டமில்லை. முன்கூட்டியே வரைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இவை எதுவும் புதிய அறிவு இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலைப்பணி விவரக்குறிப்பில், சாலையோரமாக மண் எடுக்கும் குழிகளுக்கு நீண்ட காலமாகவே விதிகள் இருக்கின்றன. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. 300 மீட்டருக்குள் ஓரிடத்திலாவது எட்டு மீட்டர் அகலத்துக்குக் குறையாத வரப்பைத் தோண்டாமல் விட வேண்டும். குழியின் அடித்தரை பக்கத்திலுள்ள பாலத்தையோ மதகையோ நோக்கிச் சரிந்து நீர் வடிய வேண்டும். ஒரு குழி தண்ணீரோடு எப்படி உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்து எழுதிய விதிகள் இவை. சாலையோரக் குழிக்கு இருக்கும் இந்தக் கவனம், சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி மேய்க்கால் புறம்போக்கில் வெட்டும் குழிக்கு இல்லாமல் போவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

மேல்மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சாண் கறுத்த மண்ணில்தான் விதைகளும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அதைச் சரளையோடு சேர்த்து அள்ளிச் சாலைக்குக் கொண்டு போனால் சாலைக்கும் கேடு, ஏனென்றால் வேரும் மக்கும் கலந்த மண் இறுகாது. அதைத் தனியே வழித்து, ஆள் உயரத்துக்கு மேற்படாத குவியலாக, நீர் ஓடாத பக்கத்தில் வைக்க வேண்டும். உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் வைத்தால் உள்ளே காற்றோட்டம் இல்லாமல் உயிர் போய்விடும். ஆகவே ஒரு ஹெக்டேரையும் ஒரே வீச்சில் திறக்காமல் நான்கு பகுதிகளாகப் பிரித்து, இரண்டாவது பகுதியைத் திறக்கும்போது அதன் மேல்மண்ணை நேரே முதல் பகுதியின் தரையில் பரப்புவது சிறந்தது. ஒரே வேலையில் இரண்டு காரியம் நடக்கிறது, திறந்து கிடக்கும் பரப்பும் எந்த நேரத்திலும் கால்வாசியைத் தாண்டுவதில்லை.

இனி, பார்வைக்கு வருவோம். நிலத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசினால் இதெல்லாம் வசதியுள்ளவர்களின் கவலை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்மாய்க்கரையிலிருந்து பார்க்கும்போது கிழக்கே தெரியும் அந்த மேடு, அந்த ஊரில் பிறந்த ஒவ்வொருவரும் பார்த்து வளர்ந்த ஒன்று. பொது நிலம் என்றால் அதன் மண் மட்டுமா பொது? அதைப் பார்ப்பதும் பொதுவான உரிமைதான். கிராவல் குழி மற்ற குழிகளைவிடக் கண்ணை உறுத்துவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: பச்சைக்கு எதிரே நிற்கும் சிவப்பு, இயற்கையில் இல்லாத நேர்கோட்டு விளிம்பு, வானத்தோடு சேரும் மேட்டு முகட்டில் விழும் வெட்டு. இவற்றில் கடைசியானதுதான் மோசமானது, ஏனென்றால் அதை எந்த மரமும் மறைக்காது. முகடு ஒருமுறை உடைந்தால் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும்.

ஆகவே எங்கே தோண்டத் தொடங்குவது என்பதே முதல் முடிவாக இருக்க வேண்டும். சாலையும் ஊரும் பார்க்கும் பக்கத்தை விட்டு, மறுபக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டினால், முன்பக்கச் சரிவு இயற்கையான திரையாக நிற்கும். முகட்டிலிருந்து கீழே ஒரு குறிப்பிட்ட உயரம் வரை தொடக் கூடாது என்று நில அளவை வரைபடமான புலப்படத்தில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். குழிக்குள் போகும் தடம் சாலையிலிருந்து நேராகப் போனால், கடந்து போகும் எவருக்கும் குழியின் நடுவயிறு வரை தெரியும். சற்று வளைத்து, வளைவில் இருக்கும் பழைய மரங்களை வெட்டாமல் விட்டால் தெரியாது. விளிம்பை அளவுகோல் வைத்தாற்போல் வெட்டாமல், நிலத்தின் சம உயரக் கோட்டைத் தழுவி வளைந்து போகவிட்டு, மேல் முனையை மழுக்கிவிட்டால், நான்கு ஐந்து மழைக்குப் பிறகு அது வெட்டிய இடம் என்பதே பலருக்குத் தெரியாது. இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு பெரும்பாலும் ஒரு நிலஅளவரின் சில நாள் வேலைதான்.

தொல்லியல் தொடர்பான ஒரு காரணத்தையும் விட்டுவிட முடியாது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், செம்புறாங்கல் சரளையைத் தோண்டிப்போட்ட ஒரு குழியில்தான், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால ஆய்வு அங்கே தொடங்கியது. அதே ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கருவிகள் கிடைத்தன. பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே நடத்திய அகழாய்வில் அக்கருவிகளின் காலம் பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தெரியவந்து, 2011-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியானது. இந்த மண்ணில் மனிதக் கைபட்ட மிகப் பழைய பொருள்கள் இத்தகைய சரளைப் படுகைகளிலும் கிடைக்கின்றன. கருவியும் சரளையும் ஒரே வாளியில் போனால் எவருக்கும் தெரியப் போவதில்லை. ஏலத்துக்கு முன் தொல்லியல் அறிந்த ஒருவர் அந்த மேட்டின் மேல் நடந்து பார்ப்பதும், தோண்டும்போது புதிதாக வெட்டிய சுவரை அவ்வப்போது பார்வையிடுவதும் அனுமதி ஆணையில் இடம்பெற வேண்டும்.

சட்டம் இவற்றில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் சரளையைச் சிறுகனிமமாக வைத்து, அதற்கு விதி வகுக்கும் பொறுப்பை மாநிலங்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ல் வந்தன. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை, குழாய்ப்பாதை போன்ற நீள்வாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க அந்த அனுமதி வேண்டியதில்லை என்று 2020 மார்ச் மாதம் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது. அளவும் பரப்பும் வரையறுக்காத அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று நீக்கியது. இந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அனுமதி வாங்குவது வேறு, வாங்கிய அனுமதியில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு. நான் படித்துப் பார்த்த ஆணைகளில் கன மீட்டர் துல்லியமாக இருந்தது. நிலத்தின் இறுதி வடிவத்துக்கு, குழியைச் சீரமைக்க வேண்டும் என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

சீரமைப்பு என்றதும் நினைவுக்கு வரும் நல்ல எடுத்துக்காட்டு, விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண் மேட்டில் இருக்கும் ஆரோவில். 1968-ல் அது தொடங்கியபோது அங்கே இருந்தது மரமற்ற, மழையில் அரிக்கப்பட்டு ஓடை ஓடையாகப் பிளந்த சிவப்புத் தரை. முதலில் வரப்புகள் போட்டு நீரை நிறுத்தி, அதன் பிறகு மரம் வளர்த்து, காலப்போக்கில் நம் கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் உள்ளூர் இனங்களைக் கொண்டுவந்தார்கள். முதலில் நீர், பிறகு மரம் என்ற அந்த வரிசையைக் கிராவல் குழியிலும் மாற்றக் கூடாது. தரையைக் கொத்திவிட்டுச் சம உயர வரப்பு போட்டு, முதல் மழைக்கு விராலி, ஆவாரை, கொழுக்கட்டைப் புல் போன்ற எளிதில் பிடிக்கும் செடிகளையும், மண் நிலைத்த பிறகு வேம்பு, நாவல், உலக்கைப்பாலை, வீரை போன்றவற்றையும் வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்ட குழியில் வருவது சீமைக்கருவேலம் மட்டுமே. மேய்க்கால் நிலமாக இருந்ததை மேய்க்காலாகவே திருப்பித் தர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆடு மாடு வைத்திருப்பவர்களைக் கேட்காமல் முழு நிலத்திலும் மரத்தை நட்டுக் கம்பிவேலி போடுவது இன்னொரு வகை அபகரிப்பு.

நான் முன்பு சொன்ன குழியின் கிழக்குச் சுவரில், எட்டாத உயரத்தில், பஞ்சுருட்டான் பறவைகள் குடைந்த வளைகள் இருக்கின்றன. சரிவாக்கும்போது அப்படிப்பட்ட சில மீட்டர் நீளச் சுவரை, நீர் தேங்காத, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் விட்டு வைப்பதில் தவறில்லை. இதையெல்லாம் முடிவு செய்ய அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்த ஒருவர் வேண்டும். எல்லாக் குழிக்கும் ஒரே படிவத்தை நிரப்புகிறவரால் முடியாது.

தேவையையே குறைக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்களின் சாம்பலைச் சாலைக் கரையில் பயன்படுத்த இந்திய சாலைகள் பேரவையின் வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள சாலைப்பணிகளில் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் அறிவிக்கையே சொல்கிறது. சாம்பலுக்கும் மேலே மண் மூட வேண்டும் என்பதால் கிராவல் முற்றிலும் தேவைப்படாமல் போகாது. ஆனால் ஒப்பந்த மதிப்பீட்டில் முதல் வரியாகக் கிராவலை எழுதும் பழக்கம் மாறினால் பல மேடுகள் தப்பும்.

பொது நிலங்கள் ஊர் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை என்று 2011 சனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அந்த மக்கள் கூடும் இடம் கிராம சபை. குவாரி வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியோடு சபைக்குப் போனால், பெரும்பாலும் கூச்சலில் முடிகிறது. அதற்குப் பதிலாக, முகட்டுக் கோடு எங்கே, மேல்மண் எங்கே குவிக்கப்படும், நீர் எந்தப் பக்கம் வடியும், சரிவு ஒன்றுக்கு எத்தனை, எந்தப் பகுதி எந்த மாதத்தில் சீரமைக்கப்படும் என்ற வரைபடத்தைச் சபையில் விரித்து வைக்கும்படி கேட்க வேண்டும். தோண்டுவதற்கு முன் நான்கு குறிப்பிட்ட இடங்களிலிருந்து எடுத்த ஒளிப்படங்களை ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, முடித்த பிறகு அதே இடங்களிலிருந்து எடுத்தவற்றோடு ஒப்பிட வேண்டும். ஏலம் எடுப்பவர் கட்டும் பிணைத்தொகையை, கடைசி நடைச்சீட்டு முடிந்ததும் திருப்பித் தரக் கூடாது. குழியைச் சீரமைத்து முடித்து இரண்டு வடகிழக்குப் பருவமழை கழிந்து, சரிவு நின்றிருக்கிறதா, வரத்து வாய்க்காலில் நீர் வந்ததா என்று கண்மாய்ப் பாசனம் பெறும் ஊர் ஆயக்கட்டுக்காரர்களும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து நடந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே தர வேண்டும்.